இருபத்தைந்தாம் நாள்

விதைத்தது ஆனி பதினெட்டு, சனிக்கிழமை.
கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம்
எழுதிச் செருகியிருக்கிறேன்.

அதற்கு முந்தின வியாழன் ராத்திரி பெய்ததை
மழை என்று நான் ஒத்துக்கொண்டேன்.
கொழுந்தன் ஒத்துக்கொள்ளவில்லை.
"தூசி அடக்க வந்தது அண்ணி இது,
ஆடி பிறக்கட்டும்."
மேட்டுக்குப் போய்க் கட்டைவிரலை மண்ணில் குத்தினேன்.
முதல் கணு வரை சூடு.
இரண்டாம் கணுவில் குளிர்.
போதும் என்று
ஏருக்குப் பின்னால் நடந்து
சாலில் விட்டேன் நெல்லை.
தண்ணீர் நிற்காத சரிவு இது.
நாற்றங்கால் இல்லை, நடவுப் பாட்டு இல்லை.
வானம் பார்த்து முளைத்தால் முளைத்ததுதான்.

எட்டாம் நாள் முளைத்தது.

அரூர் சங்கத்தில் தீர்த்தகிரி சொன்னார்:
இருபத்தைந்தாம் நாள் யூரியா,
களை எடுத்த பிறகு, ஈரத்தில்.
சொல்லிவிட்டு மிஷினை என் பக்கம் திருப்பினார்.
கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு.
துடைத்து வைத்தேன். சிவப்பு.
பக்கத்து டப்பாவில் எண்ணெய் தொட்டு வைத்தேன்.
சிவப்பு.
"ரேகையே இல்லையே அக்கா."
எங்கே போயிருக்கும்,
களைக்கொத்துப் பிடியில்தான் இருக்கும் என்றேன்.
வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
ஒவ்வொரு விரலாக வைத்துக்கொண்டே வந்ததில்
இடது மோதிர விரலுக்குப் பச்சை எரிந்தது.
மோதிரமே பார்க்காத விரல்.
பத்துப் பேரில் அது ஒன்றுதான்
நான்தான் நான் என்று சாட்சி சொன்னது.

மூட்டையோடு ஒரு பாட்டிலும் கொடுத்தார்கள்.
கேட்கவில்லை என்றேன்.
கேட்காததற்கும் பில் இருந்தது.

வெள்ளச்சிக்குப் பாதி, எனக்குப் பாதி.
சித்தேரி பஸ்ஸில் மூட்டைக்கும் டிக்கெட் போட்டார் கண்டக்டர்.
அதற்கு உட்கார இடம் கிடைத்தது,
எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இருபத்தைந்தாம் நாள் ஆடி பத்து, செவ்வாய்.
மேட்டில் மண் வெடித்துக் கிடந்தது.
காற்று மட்டும் வந்து வந்து போனது.
"போட்டு வை அண்ணி, மழை வராமலா போயிடும்."
காய்ந்த மண்ணில் போட்டால்
பாதி காற்றுக்குத்தான் சம்பளம்.
போன வருசம் கொடுத்திருக்கிறேன்.
கண் கரித்தது, பயிருக்கு ஒன்றும் சேரவில்லை.

இருபத்தாறு.
இருபத்தேழு.
சாக்கில் இருந்தது ஈரக்காற்றைக் குடித்துக்
கல்லாகிவிட்டது.
அம்மிக்குழவியால் தட்டினேன்.
மிளகாய் வாசம் சேர்ந்த யூரியாவை
எந்தச் சங்கமும் விற்றிருக்காது.
இருபத்தொன்பதில் நெல்லின் நுனி சுருண்டது.
அன்றைக்குத் தாளில் ஒன்றும் எழுதவில்லை.

முப்பத்தோராம் நாள், ராத்திரி இரண்டு மணி.
ஓட்டின் மேல் முதலில் பத்துச் சொட்டு,
பிறகு எண்ண முடியவில்லை.
அடித்துப் பெய்யும்போது போட்டால்
சரிவில் இறங்கி ஓடைக்குத்தான் உரம்.
இறவாணத்தில் குந்திக் காத்திருந்தேன்.
தூறலாகக் குறைந்தது.
விடிந்தால் பூப்பறிக்கிற வேன் வந்துவிடும்,
வெயில் அதற்கு முன்னாலேயே வந்துவிடும்.

போனைப் பாலிதீன் கவரில் போட்டு
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு போனேன்.
இலை நனைந்திருந்தால் பொசுங்கும் என்பார்கள்.
பொசுங்கட்டும், வேர் குடிக்கட்டும்.
வீசினேன்.
வெளிச்சத்துக்குள் வந்தது மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.
விரல் வெடிப்புகளில் எரிந்தது.
எச்சில் ஒழுகியது.
மேல்வரப்புக்குப் பக்கத்தில் ஒரு கல்,
இருபது வருசமாக எனக்குத் தெரிந்த கல்,
இடறிவிட்டது.
எழுந்து மறுபடி வீசிக்கொண்டே போனேன்.

இப்போது பயிர் முழங்காலுக்கு மேலே.
கரும்பச்சை.
கொழுந்தன் ஆடியில் விதைத்தது இன்னும் கணுக்காலில்,
ஆனால் ஐப்பசிவரை யாரும் ஜெயித்ததில்லை.

அந்தக் கல்லிலிருந்து
நாலு எட்டு நீளத்துக்கு, இரண்டு கை அகலத்துக்கு
ஒரு மஞ்சள் பட்டை.
பஸ்ஸிலிருந்தே தெரிகிறதாம்.
என்ன நோய் என்று கேட்கிறார்கள்.
நோயில்லை,
அங்கே நான் விழுந்தேன்.